மூன்று சிம்னிக்கு நாலு சாக்கு

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் கொழுந்தனாரின் மகன். அவனும் என் கைச்சோறு தின்று வளர்ந்தவன்தான். இவர்களோடு சேர்த்து மூன்று சிம்னிகளையும் வளர்த்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். பிள்ளைக்கு மூக்கடைத்தால் சிந்து என்று சொல்லலாம். சிம்னி அடைத்துக்கொண்டால் நாம்தான் கம்பை விட்டுக் குடைய வேண்டும்.

என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் படிப்பில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

கீழ் கோத்தகிரிச் சரிவில், தேயிலைக்கு நடுவே ஒரு பழைய பங்களா இருக்கிறது. முப்பத்தைந்து வருடமாக அதைப் பார்த்துக்கொள்கிறவள் நான். ஹாலில் ஒன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று சுவரோடு சேர்த்துக் கட்டிய மூன்று கணப்புகள். ஒவ்வொன்றின் புகையும் தனித்தனிச் சிம்னி வழியாகக் கூரைக்கு மேலே போகும்.

மழை மாதங்களில் எங்கள் பக்கத்துக் காற்று பிழியாத துணி மாதிரி இருக்கும். கல்லில் வைத்த உப்பு காலையில் தண்ணீராகி நிற்கும். அந்த ஈரம் சிம்னிக்குள் இறங்கினால் புகைக்கரி ஊறி, கறுப்புத் தண்ணீராக வழிந்து, சுவர்ப் பூச்சையே தின்றுவிடும். அதனால் ஆனி மாதத்தில், மழைக்கு முன்னால், கூரைக்கு ஒரு ஆளை ஏற்றி, கயிற்றில் கல்லும் சீகை மரக் கிளைக் கொத்தும் கட்டி இறக்கச் சொல்லிக் கரியை உதிர்ப்பேன். பிறகு கோணிச்சாக்கில் காய்ந்த புல்லைத் திணித்து, கணப்பு வழியாகக் கம்பால் மேலே தள்ளி, சிம்னியின் தொண்டையில் இறுக்கிவிடுவேன். சாக்கின் வாயைக் கட்டுவது என் பழைய சேலைக் கிழிசலால்தான். ஒரு முழம் வால் தொங்கும். கார்த்திகை கடைசியில் மழை விட்டதும் அந்த வாலைப் பிடித்து இழுத்தால் சாக்கு வந்துவிடும். மூன்று சிம்னி, மூன்று சாக்கு. விறகிலும் எனக்குக் கண்டிப்பு உண்டு. பச்சைச் சீகையைப் போட்டால் உள்ளே தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் காய்ந்த கற்பூர மரம், கீழ்நாட்டில் தைலமரம் என்பார்களே, அதுதான் என் கணப்புக்குள் போகும். இத்தனை வருடத்தில் என் சிம்னி ஒருநாளும் அறைக்குள் புகைவிட்டதில்லை.

போன மார்கழி வரைக்கும்.

பங்களாவுக்கு உடையவரின் மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தது. அம்மிணி என்றுதான் நான் கூப்பிடுவேன். இனிமேல் பங்களாவை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னது. முதல் விருந்தாளிகள் மறுநாள் சாயங்காலம் வருகிறார்கள். ஹால் கணப்பு எப்படி எரிகிறது பார்க்கலாம் என்று காலையில் நெருப்பு வைத்தேன். அவ்வளவுதான்! புகை மேலே ஏறாமல் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. திரைச்சீலை எல்லாம் மறைந்துபோயிற்று. அம்மிணி இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடியது. நான் விறகின் மேல் மண்ணைக் கொட்டி அணைத்தேன்.

குளியலறையில் ஓடு ஒட்டிக்கொண்டிருந்த கொத்தனார் வந்தார். குனிந்து ஒரு பார்வை பார்த்தார்.

"உள்ளார செங்கல் இடிஞ்சு உழுந்திருக்குதுங்க. வயசான சிம்னி. வாயைக் கட்டி அடைச்சுப் போட்டா ஒரு மணி நேர வேலைங்க."

"அடைச்சிரலாம் ஆயாம்மா," என்றது அம்மிணி. "நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. நான் ஹீட்டர் வாங்கிட்டு வந்திருக்கேன்."

முப்பத்தைந்து வருடம் நான் பார்த்த சிம்னி, என் கையில் செத்தது என்று பேர் வாங்கவா?

"இடியறதாவது! ஆனியில கல்லு இறக்குனப்ப ஒரு துண்டு செங்கல் வரலைங்க."

"அப்ப சாக்கை எடுத்தீங்களா, ஆயாம்மா?" என்று கேட்டார் கொத்தனார்.

வந்ததே எனக்கு ஆத்திரம்! "வேலியைப் போய்ப் பாருங்க. மூணு சாக்கும் அங்கதான் காயுது. எண்ணத் தெரியுமில்ல உங்களுக்கு?"

அவர் போய் எண்ணிவிட்டே வந்தார். மூன்று. நேராகச் சிமெண்டு குழைக்கப் போனார்.

இதற்குள் என் வீட்டுக்காரர், அதாவது இதை எழுதுகிறவளின் அப்பிச்சி, மெதுவாக வந்து சேர்ந்தார். தேயிலை பாக்டரியில் முப்பது வருடம் அடுப்புக்கு விறகு தள்ளியவர். ஒரு ஊதுபத்தியைப் பற்ற வைத்து, சாப்பாட்டு அறைக் கணப்பின் வாயில் காட்டினார். புகை நூல் மாதிரி நேராக மேலே போயிற்று. ஹாலுக்கு வந்து காட்டினார். அங்கே அது சுருண்டு அவர் மீசைக்கே வந்தது.

"ஏம்புள்ள, மேல என்னமோ அடைச்சிருக்குது. செங்கல்லா இருந்தா இடுக்குல கொஞ்சமாச்சும் காத்து ஏறும். இது சுத்தமா நிக்குது. சாக்கு மாதிரி."

"உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா? மூணு சிம்னி, மூணு சாக்கு!"

சொல்லி முடித்த அதே மூச்சில் எனக்கு ஐப்பசி மழை ஞாபகம் வந்தது.

அந்த மழை விடாமல் அடித்தது. ஹால் கணப்பில் கறுப்புத் தண்ணீர் சொட்டி, மரத்தரை வரை வந்துவிட்டது. ஒரு சாக்கு பத்தவில்லை என்று நானே இன்னொரு சாக்கைக் கட்டி, கீழிருந்து இடித்துத் தள்ளினேன். முதல் சாக்கு மேலே ஏறிப் போயிருக்கிறது; அதன் வாலும் கூடவே போயிருக்கிறது. கார்த்திகையில் மூன்று வால் தெரிந்தது, மூன்றை இழுத்தேன், கணக்குச் சரியென்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டேன்.

வேலியை எண்ணச் சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது?

"எல்லாரும் போய் டீ குடிச்சுட்டு வாங்க," என்றேன்.

எல்லாரும் போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தொரட்டியைக் கொண்டுவந்து, சேலையைச் சொருகிக்கொண்டு, கணப்புக்குள் தலையை விட்டுத் துழாவினேன். கொக்கியில் மெத்தென்று மாட்டியது. இழுத்தேன். அசையவில்லை. தொங்கியே பார்த்தேன். ஊறிய புல் உப்பிச் சிம்னியைக் கவ்விப் பிடித்திருந்தது. மேலிருந்து ஒருவர் இடித்தால்தான் வரும். அங்கே இருந்தவர்களில் மேலே ஏறக்கூடியவர் கொத்தனார் ஒருவர்தான்.

டீ குடித்த கையோடு அவர் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார், பின்னாலேயே அம்மிணியும் வந்தது. முதல் கல்லை வைக்கக் குனிந்தார்.

"நில்லுங்க! உள்ள ஒரு சாக்கு இருக்குது."

"மூணும் வேலியில இருக்குதுங்களே?"

"இது நாலாவது."

"யாரு வெச்சது?"

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். அம்மிணி என்னைப் பார்த்தது.

"நாந்தான்," என்றேன். "நாந்தான் வெச்சேன், நாந்தான் மறந்தேன். சிம்னி மேல குத்தமில்லை. மேல ஏறி மூங்கிலால இடிங்க, நான் கீழ இழுக்கறேன்."

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை! கொத்தனார் கூரையிலிருந்து "விடட்டுங்களா?" என்று கத்த, நான் கீழே "விடுங்க!" என்று கத்த, மொத்து மொத்தென்று மேலே இடி. ஒரு தரம், இரண்டு தரம். திடீரென்று தொரட்டி என் கையைப் பறித்துக்கொண்டு போவது போல இறங்கியது. தொப்பென்று விழுந்தது சாக்கு! பின்னாலேயே ஒரு கூடைக் கரி. நான், அம்மிணி, என் வீட்டுக்காரர் மூவருக்கும் ஒரே நிறம். அம்மிணிக்குப் பல் மட்டும்தான் தெரிந்தது, அவ்வளவு சிரிப்பு.

கொத்தனார் இறங்கி வந்து சாக்கைப் புரட்டினார். மஞ்சள் பூப்போட்ட நீலச்சேலை வால் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரு சேலைன்னு கேக்கட்டுங்களா, ஆயாம்மா?"

"கேளுங்க. நீங்க சொன்ன இடிஞ்ச செங்கல் எங்கன்னு நானும் கேக்கறேன்."

ஊதுபத்தியைக் காட்டினோம். புகை கோடு கிழித்த மாதிரி மேலே ஓடியது! அவசரப்படவில்லை நான். ஈரச் சிம்னி குளிர்ந்து கிடக்கும். முதலில் நாலு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி, வாயருகே உயர்த்திப் பிடித்து அதற்குச் சூடு காட்டினேன். பிறகு சிறு சுள்ளி. பிறகு கற்பூரக் கட்டை. உள்ளே ஹோவென்று ஒரு சத்தம் எழுந்து புகையைத் தூக்கிக்கொண்டு போனது. நான் கை தட்டினேன். எழுபத்து மூன்று வயதில், உடம்பெல்லாம் கரியோடு, கை தட்டினேன்.

குழைத்த சிமெண்டு வீணாகவில்லை. சிம்னித் தலையில் ஒரு விரிசல் இருப்பதைக் கொத்தனார் மேலே ஏறியபோது பார்த்திருந்தார். ஐப்பசித் தண்ணீர் வந்த வழி அதுதான். அதே சிமெண்டால் பூசினார். ஹீட்டர் பெட்டி பிரிக்காமலே கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போயிற்று. மறுநாள் விருந்தாளிகள் ஹால் நெருப்பை விட்டு எழுந்து சாப்பிடவே வரவில்லை.

இந்த ஆனியிலும் சாக்கு வைத்தேன். ஆனால் ஒவ்வொரு வாலையும் நீளமாக விட்டு, கணப்புக்கு வெளியே ஆணியில் கட்டிவிட்டேன். உள்ளே எத்தனை போனாலும் வெளியே வால் தெரியும்.

அவ்வளவுதான் கண்ணு. எங்கே, முதலிலிருந்து வாசி, கேட்கலாம். "நாந்தான்" வருகிற இடத்தை மெதுவாகச் சொல்லித் தாண்டிவிடாதே. உன் அப்பிச்சிக்குக் காது மந்தம், அதைக் கேட்கத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சத்தமாகவே வாசி.