வட்டத்துக்குள் செருப்பு

வேங்கிக்காலில் புதிதாக வந்த மனைகளில் எங்களுடையது கடைசி வீடு. கணவருக்குத் துபாயில் வேலை. போன விடுமுறைக்கு வந்தவர், தனியாக இருக்கிறாயே, பாதுகாப்பு வேண்டாமா என்று முன்வாசலுக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்திவிட்டுப் போனார். வாசலில் ஆள் அசைந்தால் அங்கே அவர் போனில் மணி அடிக்கும். நான் கோலம் போட்டாலும் அடிக்கும்.

அந்த மாதமே படங்கள் வர ஆரம்பித்தன. சந்தேகம் வந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார். ஒருநாள் வட்டத்துக்குள் ஒரு ஜோடி செருப்பு.

“வீட்டுக்கு யாரு வந்தது?”

“என்னுதுதாங்க. பழசு அறுந்துபோச்சு.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல?”

செருப்பு அறுந்ததற்குக்கூடவா தகவல் சொல்வார்கள்?

டவுனில் ஒரு கல்லூரியில் ஓவிய ஆசிரியர் படிப்பு இருக்கிறது. சேர ஆசையாக இருக்கிறது என்றேன். “அதெல்லாம் எதுக்கு? வீட்டப் பாரு” என்று முடித்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். ஓர் ஓவியத்தைக் கொடுத்து, அது என்ன சொல்கிறது என்று எழுதச் சொல்வார்களாம். போனில் அதற்கான பாடங்களைத் தேடிப் பார்த்தேன். வெளிச்சம் எங்கே விழுகிறது, யார் கண் எங்கே போகிறது, ஓரத்தில் எது வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள்.

பழகிப் பார்க்க வீட்டில் ஒரு காலண்டர் படம்தான் இருந்தது. அதனால் கணவர் அனுப்பிய படங்களையே எடுத்துக்கொண்டேன். பெருக்குகிறேன், பால் வாங்குகிறேன், கேட்டைப் பூட்டுகிறேன். எல்லாம் மேலிருந்து எடுத்தவை. ஒன்றில்கூட என் முகம் இல்லை, வகிடும் தோளும்தான்.

இன்னொன்றும் புரிந்தது. அவர் கண் முதலில் போவது செருப்புக்குத்தான். செருப்பு இருந்தால் நான் வீட்டில் இருக்கிறேன். இல்லையென்றால் உடனே போன் வரும். பின்கதவு எந்தப் படத்திலும் இல்லை.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று பௌர்ணமி, ஊரெங்கும் கிரிவலக் கூட்டம். தலைவலி, மாத்திரை போட்டுத் தூங்கப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன். செருப்பை வாசலில் நன்றாகத் தெரியும்படி விட்டுவிட்டு, பின்கதவு வழியாக வெறுங்காலோடு இறங்கினேன். வேறு நாளாக இருந்தால் செருப்பு எங்கே என்று தெருவே கேட்டிருக்கும். அன்று ரோட்டில் பாதிப்பேர் காலில் செருப்பு இல்லை. பக்கத்தில் நடந்த ஒரு அம்மா, “வெயில் ஏறதுக்குள்ள மல சுத்தி முடிச்சிடும்மா” என்றார். சரிங்கம்மா என்று தலையாட்டினேன்.

தேர்வில் வந்தது ஒரு பந்தி. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் கண் இலையில். பரிமாறுகிற பெண் மட்டும் படத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். கை நிற்கவே இல்லை.

திரும்பும்போது உச்சி வெயில். தார் ரோடு காலைப் பொசுக்கியது. பின்கதவு வழியாக வந்து போனைப் போட்டேன். ஒரு படம் வந்திருந்தது. வட்டத்துக்குள் என் செருப்பு.

“காலைலேருந்து எங்கயும் போவல. நல்லா தூங்குனியா?”

செருப்பை வைத்து நான் வரைந்த படத்தை அப்படியே நம்பியிருந்தார். சிரிப்பு வரும் என்று நினைத்தேன், அழுகைதான் வந்தது. தேறிவிட்டால் தினமும் வகுப்புக்குப் போக வேண்டும். தினமும் பௌர்ணமி வராது.

முகத்தைக் கழுவினேன், காலைக் கழுவவில்லை. முன்வாசலுக்குப் போய், செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, படியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கொப்புளமும் தாருமாக இருந்த இரண்டு உள்ளங்காலையும் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். பிறகு நிமிர்ந்து முகத்தையும் காட்டினேன்.

உள்ளே போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் பார்க்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.