சனிக்கிழமையே போட்ட ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து

குளிர்பதனக் கிடங்கில் அவளுக்குத் ‘தெர்மாமீட்டர்’ என்று பெயர். மீனும் பட்டாணியும் உறைந்து கிடக்கும் ஆறு அறைகளுக்கு அவள்தான் மேற்பார்வையாளர். கதவு அரை நிமிடம் கூடுதலாகத் திறந்திருந்தால் அவள் குரல் வரும். உள்ளே இருக்கும் காற்றைவிட அதுதான் குளிர் என்பது மூட்டை தூக்குபவர்களின் கருத்து.

முப்பது வயதில் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்தது, பதினெட்டு நாளில் கீமோ. அந்த மருந்து கருமுட்டைகளையும் விட்டுவைக்காமல் போகலாம், அதற்கு முன் சிலவற்றை எடுத்து உறைய வைக்கலாம், ஊசி போட்டு எடுக்க இரண்டு வாரம் ஆகும் என்றார் டாக்டர். ஆக, யோசிக்க நான்கே நாள்.

குழந்தைப் பேச்சை எடுத்தாலே பாத்திரம் கழுவ எழுந்துவிடுகிறவள், உடனே சரி என்றாள். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீதானே புள்ளையே வேணாம்னு சொல்லிட்டிருந்தே?”

“வேணாம்னு நான் சொல்லணும் அண்ணி. மருந்து சொல்லக் கூடாது.”

சனிக்கிழமை இருவரும் கருத்தரிப்பு மையத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் அங்கே எத்தனை பேருக்குப் பலித்தது என்று கேட்பார்கள். இவள் தொட்டியைக் காட்டச் சொன்னாள். ஆய்வகப் பொறுப்பாளர், அளவுக்கு மீறி மரியாதை தெரிந்த ஒல்லி மனிதர், பால் கேன் போன்ற ஒன்றைக் காட்டினார். உள்ளே திரவ நைட்ரஜன். தினமும் குச்சியை விட்டு எடுத்தால், பனி படிந்த உயரம்தான் மட்டம்.

“மட்டம் குறைஞ்சா?”

“அலாரம் அடிக்கும் மேடம்.”

“யாருக்குக் கேக்கும்?”

“வாட்ச்மேனுக்கு. அவர் எனக்கு ஃபோன் பண்ணுவார்.”

“நீங்க எடுப்பீங்களா?”

“உங்கண்ணனைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இதுல பாதியாவது நான் கேட்டிருக்கணும்” என்றாள் அண்ணி.

அவள் அதற்குள் பதிவேட்டைப் புரட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டமும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் இன்னும் வரவில்லை.

“நாளைக்கு லீவு மேடம்... ஒரு நாள்ல பெருசா குறையாது...” பொறுப்பாளருக்கு ஏசியில் வியர்த்தது.

இதே காரியத்துக்காகக் கிடங்கில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பியவள் அவள். அண்ணி கைப்பையோடு எழுந்துவிட்டாள். ஆனால் அடுத்த மையத்தில் எட்டு நாள் கழித்துத்தான் டாக்டரைப் பார்க்க முடியும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

“உக்காருங்க அண்ணி. இந்தக் கையெழுத்து எல்லா இடத்துலயும் இருக்கும். மாட்டிக்கிட்ட ஆளு இங்கதான் இருக்கார். இனிமே இவர் கனவுலகூட மட்டம் பாப்பார்.” பிறகு அவரிடம்: “ஞாயித்துக்கிழமை குச்சியை போட்டோ எடுத்து அனுப்புங்க சார். பின்னாடி கடிகாரம் தெரியணும்.”

ஊசியை அண்ணிதான் போட்டாள். முதல் நாள் இருவரில் கண்ணை மூடிக்கொண்டது அண்ணி. பதினொரு முட்டைகள் கிடைத்தன. அவை பிள்ளையாகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. கீமோ குறித்த நாளில் தொடங்கியது.

கீமோ தொடங்கி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. மொட்டைத் தலையும் வாய்ப்புண்ணுமாகப் படுத்திருந்தவளுக்குப் படம் வந்தது. குச்சி, பனி, கடிகாரம். ஓரத்தில், எங்கோ வெளியே போகக் கிளம்பிய உடையில் பொறுப்பாளரின் இரண்டு பிள்ளைகள். சின்னது குச்சியை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

“என்ன, மட்டம் குறைஞ்சிருக்கா?” என்றாள் அண்ணி.

“மட்டம் சரியாதான் இருக்கு.”

‘குழந்தைகளை ஆய்வகத்துக்குள் விடக் கூடாது’ என்று எழுதி அனுப்பினாள். சற்றுப் பொறுத்து இன்னொன்றும் அனுப்பினாள்: ‘அந்தச் சின்னது பேர் என்ன?’