வகுப்பில் மிகவும் சூடான இடம்

அறிவியல் டீச்சருக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். பிள்ளைகள் வைத்த பெயர் 'கறார்'. அரை மார்க்கைக்கூடச் சும்மா போடமாட்டார். அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு மார்க்குக்காகப் பிரின்சிபாலிடம் மல்லுக்கு நின்றார்.

பள்ளி நிர்வாகம் கடல் கடந்த தேர்வு வாரியம் ஒன்றோடு கைகோத்திருந்தது. கேள்வியும் விடைக்குறிப்பும் அங்கிருந்து வரும். திருத்துவது மட்டும் இங்கே. இந்த வருஷக் கேள்வி: 'உன் வகுப்பறையில் மிகவும் சூடான இடம் எது?' விடை: 'சுவரில் உள்ள ஹீட்டருக்கு அருகில்.' எங்கோ பனி கொட்டுகிற ஊர்க்காரன் குளிர்காய்வதை, இங்கே தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து மனப்பாடம் செய்திருந்தார்கள். டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முப்பத்தொன்பது பேர் ஹீட்டர் என்று எழுதியிருந்தார்கள். வாயாடி ஒருத்தி மட்டும், 'கடைசி பெஞ்ச். தகரம் அங்கேதான் தாழ்வு' என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு மார்க் இல்லாவிட்டால் அவள் ஃபெயில். மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு கிடையாது. டீச்சர் மார்க் போட்டார். வாரியத்தின் கம்ப்யூட்டர் அதைப் பூஜ்யமாக்கித் திருப்பி அனுப்பியது.

"அந்தப் பொண்ணு எழுதினதுதான் சார் நிஜம். வேணும்னா வந்து உக்காந்து பாருங்க."

"நிஜத்தை யாரு டீச்சர் கேட்டா? குறிப்புல என்ன இருக்கோ அதைப் போடுங்க."

டீச்சர் விடவில்லை. வாரியத்துக்கு இரண்டு பக்கம் எழுதினார். பதில் இரண்டே வரி: விடைக்குறிப்பு எல்லா நாட்டுக்கும் பொது, வகுப்பறை வசதிகள் பள்ளியின் பொறுப்பு.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பிரின்சிபால் பயந்துபோய், உடைத்த கப்பலிலிருந்து வந்த, உள்ளே வெந்நீர் ஓடினால் சூடாகிற இரும்பு ஹீட்டர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்துச் சுவரில் மாட்டிவிட்டார். அதற்கு வெந்நீரும் வராது, வேறெதுவும் வராது.

ஃபெயிலானவர்களுக்கு வாரியம் வைக்கிற மறுதேர்வுக்கும் வழக்கம்போல அதே கேள்விதான். அதற்கு முதல் நாள் காலை வாயாடி எழுந்துபோய் ஹீட்டர்மேல் கன்னத்தை வைத்தாள்.

"டீச்சர், இந்த ரூம்லயே இதுதான் ஜில்லுன்னு இருக்கு!"

வகுப்பே சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. அதைவிட எரிச்சல் வந்தது.

"தெரியும்டி. நாளைக்கு ஹீட்டர்னு எழுதித் தொலை."

எழுதினாள், பாஸானாள், அறிவியல் பிரிவில் டீச்சரிடமே வந்து சேர்ந்தாள். முதல் நாள் சோதனைக்கு டீச்சர் மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, "என்ன தெரியுது, சொல்லு பார்ப்போம்" என்றார்.

அவள் மெழுகுவத்தியைப் பார்க்கவேயில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

"குறிப்புல என்ன டீச்சர் இருக்கு?"