டெஸ்மண்டின் இரண்டு இருக்கை வண்டிகள்

ரப்பர் குழாயின் ஒரு முனை டெஸ்மண்டின் காதில் இருந்தது. மறுமுனையைப் பிடித்த இடது கை, ஓடும் இன்ஜினின் முதல் கார்புரேட்டர் வாயருகே சற்று நின்று, இரண்டாவதற்கு நகர்ந்தது. வலது கை திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, அதில் பாதியைத் திரும்ப எடுத்தது. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால் இரண்டிலும் ஒரே சீறல் கேட்கும். முதலாவது கொஞ்சம் பலமாகச் சீறியது. கை மறுபடி திருகாணிக்குப் போனது.

"காதுல பாம்பை விட்டுக்கிட்டு நிக்கிற ஆளே, டீ ஆறுது," என்றார் கொட்டகை வாசலில் நின்ற அவிஸ்.

"ரெண்டும் ஒண்ணாப் பேசட்டும், வர்றேன்."

"நாம ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசி எத்தனை வருஷமாச்சு? அதுக்கு ஒரு திருகாணி இருந்தாச் சொல்லு."

அவிஸின் கணவர் டெஸ்மண்ட் டிரான்டர், இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷர் பண்ணைகளில் பால் சேகரிக்கும் டேங்கர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாரமெல்லாம் பால் தளும்பாமல் ஊர்ந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை தரையோடு தரையாகப் பறக்க ஒரு வண்டி தேவைப்பட்டது. இளவயதில் வாங்கிய சிவப்பு எம்.ஜி. மிட்ஜெட்தான் முதல் வண்டி. அதில் இரண்டே இருக்கைகள். துணிக் கூரையை மடக்கிவிட்டால் மேலே வானம். தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது, புதுத் தகடு வாங்க வழியில்லாமல், பால் பண்ணை வீசியெறிந்த விளம்பரத் தகரப் பலகையை வெட்டி ரிவெட் ஆணி அடித்து ஒட்டுப்போட்டார்.

அவிஸ் இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்தார். லெம்ஸ்டர் சந்தையில் ஒருநாள் அவரால் அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழவே முடியவில்லை. ஆட்டு வியாபாரிகள் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அந்த மாதமே மிட்ஜெட் விற்கப்பட்டது.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வந்தது. நல்ல வண்டிதான். ஆனால் அவர் கை, மிட்ஜெட்டில் கியர் இருந்த இடத்தையே தேடியது. அதற்கப்புறம் ஒரு மாஸ்டா. "இது எனக்கு ஒரு வேலையும் வைக்க மாட்டேங்குது," என்று குறைப்பட்டுக்கொண்டு காரை விற்றவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நடுவில் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், எந்தச் சாலையில் நின்றாலும், பழைய மிட்ஜெட்டின் பதிவு எண்ணைத் தேடினார். ஒருநாள் ஹியர்ஃபோர்டில் அந்த எண்ணைப் பார்த்தும் விட்டார். ஒரு பல் மருத்துவரின் பெரிய கறுப்பு வண்டியில் அது மாட்டியிருந்தது. வண்டி வேறு, எண் வேறு எனப் பிரித்து விற்பது இங்கே வழக்கம். சிவப்பு வண்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டார். அதன்பின் தேடவில்லை, சொந்தமாக எதையும் வாங்கவும் இல்லை. மற்றவர்கள் கொண்டுவரும் வண்டிகளைச் சீர்செய்து கொடுத்தார்.

இப்போது கொட்டகையில் நிற்பது பச்சை மிட்ஜெட். லட்லோவில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கும் நெஸ்டா புரோபர்ட்டின் வண்டி. மூன்று வருடங்களாக இளவேனிலில் இங்கே வரும். இம்முறை அவள், "வலது பக்கம் திரும்புனா கீழ ஏதோ கடகடங்குது. கதவுக்குக் கீழ இருக்கிற சட்டம் மட்கிப்போயிருக்கும், தலைமுழுகிடுன்னு எங்கண்ணன் சொல்றான். நீங்க பாருங்க. போச்சுன்னு நீங்க சொன்னா வண்டியை உங்ககிட்டயே விட்டுட்டுப் போயிடுறேன்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

டீ குடித்து வந்து பக்கத்து இருக்கையைக் கழற்றினார். நாய் முடியை அள்ளிப் போட்டார். தரைவிரிப்புக்கு அடியில் தாரை அப்பியிருந்தார்கள். சுரண்டியபோது ஒரு தளர்ந்த ரிவெட் தெரிந்தது, கடகடத்தது அதுதான். அதையொட்டி இன்னும் சுரண்டினார். வெள்ளைப் பெயின்ட் தெரிந்தது. அதில் ஒரு பசுவின் வாலும், பின்னங்கால் ஒன்றும்.

சுரண்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பழைய சிவப்பு மிட்ஜெட்தான், யாரோ பச்சை அடித்திருக்கிறார்கள். எண்ணைத் தேடிக்கொண்டிருந்தவர், இரண்டு வருடங்கள் இதே வண்டியின் மூச்சைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, நல்லபடியாகப் போய் வா என்று அனுப்பியிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, திருப்புளியின் முனையை வண்டியின் முதுகெலும்பான அந்தக் கதவடிச் சட்டத்தில் வைத்து அழுத்தினார். மட்கியிருந்தால் முனை உள்ளே போகும்; போகட்டும் என்றுதான் அழுத்தினார். இரும்பு கொஞ்சமும் இணங்கவில்லை. அடுத்த பக்கமும் அப்படியே.

அவிஸ் வந்து பசுவைப் பார்த்தார். "அடப்பாவி, இது என் காலைக் குத்துன தகடுல்ல?"

"ஆமா."

"சட்டம் எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

"போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அந்தப் பொண்ணு நம்பிடும். நான் வாயைத் திறக்க மாட்டேன்." அவிஸ் அவர் முகத்தையே பார்த்தார். "ஆனா என்னைத் தூக்கி விடுறதுக்கு இப்ப ஆட்டு வியாபாரிங்க நாலு பேர் வேணும்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து, பசுவின் வாலில் ஒட்டியிருந்த தாரைத் துடைத்தார்.

மறுநாள் பசுவை வெட்டி எடுத்தார். ரிவெட் அடித்த தரையை வருடாந்தரச் சோதனையில் ஏற்கமாட்டார்கள். புதுத் தகட்டை அளந்து வெட்டி, சுற்றிலும் பற்றவைத்து, ராவி, பெயின்ட் அடித்தார். அந்த இடத்தில் தன் கை பட்ட அடையாளம் எதுவும் மிஞ்சாதபடி சுத்தமாக முடித்தார்.

சனிக்கிழமை வந்த நெஸ்டா, மேசைமேல் கிடந்த தகட்டைப் பார்த்தாள். "இதென்ன மாட்டு வாலு?"

"உன் வண்டித் தரையில இருந்ததும்மா. அந்தக் காலத்துல எவனோ ஒட்டுப்போட்டிருக்கான்."

"சரியான கஞ்சப்பயலா இருப்பான்."

"கையில காசில்லாத பய. அவ்வளவுதான்."

அவிஸ் இருமினார்.

"சரி, சட்டம்?" என்றாள் நெஸ்டா. "போச்சா, இருக்கா?"

டெஸ்மண்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தார். "இருக்கு," என்றார். "உங்கண்ணனுக்கு நாயும் தெரியாது, வண்டியும் தெரியாது. வச்சு ஓட்டு."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"என்ன புதுசா! எப்பவும் ஓட்டிப் பாத்துத்தானே குடுப்பீங்க? சத்தம் நின்னுச்சுன்னு எப்படித் தெரியும்?" நெஸ்டா பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். "வாங்க, நானும் கேக்கறேன்."

மறுக்க முடியவில்லை. காலை நீட்டி உள்ளே இறங்கினார். கை தேடாமலேயே கியர் அகப்பட்டது. வேலியோரச் சாலையில் வண்டி கிளம்பியதும் அவர் தோள்கள் தளர்ந்தன. மேட்டில் ஏறி மறுபுறம் சரிந்தபோது நெஸ்டா ஏதோ கேட்டாள். அவர் காதில் விழவில்லை. சாலை பிரியும் இடம் வந்தது. இடப்பக்கம் போனால் வேல்ஸ், அதற்கப்பால் கடல். இன்ஜின் இளைப்பாறும் அளவுக்கு அங்கே நின்றார். பிறகு ஸ்டியரிங்கை வலப்பக்கம், வீட்டுப் பக்கம், நன்றாக ஒடித்தார்.

கீழே எந்தச் சத்தமும் இல்லை.

"நின்னுபோச்சு!" என்றாள் நெஸ்டா.

"ம்," என்றார்.

வாசலுக்கு வந்ததும் அவர் இன்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சாவி கைக்கு வந்துவிடும், பிறகு கொடுக்க மனம் வராது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைப் பிடித்தபடி மெல்ல எழுந்து வெளியே வந்தார். நெஸ்டா சுற்றிக்கொண்டு வரும்வரை கதவைத் திறந்தே பிடித்திருந்தார்.

"உக்காரும்மா," என்றார்.