நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய சம்மதக் கடிதம்

பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்த அந்தக் கடிதத்தை நேற்று வெளியே எடுத்தேன். தட்டச்சில் அடித்த ஒரே ஒரு பக்கம். நாலு மூலையிலும் மஞ்சள், இப்போது பழுப்பேறிவிட்டது. நடுவில் அப்பாவின் கையெழுத்து, பக்கத்தில் அதை அத்தாட்சிப்படுத்திய சமாதான நீதவானின் முத்திரை. அதற்குக் கீழே பேனாவால் எழுதிய சில வரிகளும் உண்டு. அவற்றை இப்போதே சொன்னால் ருசி கெட்டுவிடும், பிறகு சொல்கிறேன். கடிதத்தின் விஷயம் சின்னது. ‘என் பிள்ளைகள் இருவரும் தாயுடனும் தாயின் இரண்டாவது கணவருடனும் கப்பலில் உல்லாசப் பயணம் போவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை’ என்று அப்பா சொல்வது, அவ்வளவுதான். இதற்காகப் பன்னிரண்டு வயதில் நான் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அம்மாவின் இரண்டாவது கணவரை நானும் தம்பியும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம். கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்க வேதக்காரர், கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். துறைமுகத்தில் ஒரு பெட்டி இறங்கினால் அது என்ன நிலையில் வந்தது, யார் ஒப்படைத்தார், யார் பெற்றுக்கொண்டார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது அவர் உத்தியோகம். அந்தப் பழக்கத்தை வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்கு இடியப்ப உரலை இரவல் கொடுத்தபோதுகூட ஒரு துண்டு எழுதிக் கையெழுத்து வாங்கினார். அம்மாவுக்கு மானம் போய்விட்டது. ஆனால் உரல் சொன்ன நாளில் திரும்பி வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஞாயிறு விடியவே பேலியகொடைச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வரும் மனிதர், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எங்களோடு மரக்கறி சாப்பிட்டுவிட்டுப் பெருமூச்சை அடக்கிக்கொள்வார்.

அவருடைய கம்பனிக்கு ஓர் உல்லாசக் கப்பலில் சில இடங்கள் கிடைத்தன. கொழும்பிலிருந்து மாலைதீவு, கொச்சி, திரும்பக் கொழும்பு, மொத்தம் ஆறு நாள். தம்பி அன்றிலிருந்து கட்டிலையே கப்பலாக்கி ஓட்டினான். பயணப் பத்திரங்களைப் பார்க்கும் அலுவலகத்தில்தான் சிக்கல் வந்தது: பிள்ளைகளின் தகப்பன் உயிரோடு இருக்கிறார், அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்றுவிட்டார்கள். அப்பா கிருலப்பனையில் தனியாக இருந்தார், பின்னேரங்களில் கணக்கு டியூஷன் கொடுப்பார். அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதைவிடக் கப்பலே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். கேட்பதற்கென்ன, கடிக்கவா போகிறார் என்று அங்கிள் கிளம்பினார்.

என்னைப் பயமுறுத்தியது வேறு விஷயம். என்னோடு படித்த ஒருத்தியின் மாமா யாழ்ப்பாணத்தில் இருந்த வீட்டு வளவை யாருக்கோ எழுதிக் கொடுத்திருந்தார். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினால் எழுதிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம், அதற்குப் பிறகு மாமா அந்த வளவுப் பக்கமே போக முடியாது என்று அவள் சொன்னாள். அப்பா எங்களை எழுதிக் கொடுக்கப் போகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கப்பலுக்கும் ஆசை, அப்பா கையெழுத்துப் போடக்கூடாது என்றும் ஆசை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கப்பல் சனிக்கிழமை, நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. அங்கிள் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். அங்கிள் தட்டச்சு அடித்துக் கொண்டுபோன கடிதத்தை அப்பா இரண்டு தரம் வாசித்தார், சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், கடிதத்தை மேசையில் வைத்தார்.

“இப்ப போடமாட்டன்,” என்றார்.

எனக்குள் பெரிய சந்தோஷம். அங்கிளின் முகம் தொங்கிப்போனது. அப்பா கதிரையை இழுத்துப் போட்டு, பத்தரை தாண்டிவிட்டது, ராகுகாலம், பன்னிரண்டுக்குப் பிறகு போடுகிறேன், இருங்கோ என்றார். என் சந்தோஷம் அதோடு சரி. ஆனால் அந்த ஒன்றரை மணித்தியாலத்தை நான் மறக்கவே மாட்டேன். எங்களைத் தவிர வேறு ஒரு சம்பந்தமும் இல்லாத இரண்டு ஆம்பிளைகள் பிளேன் டீயை வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாக இருந்தார்கள். முதல் அரை மணித்தியாலம் மழையைப் பற்றிக் கதைத்தே போனது. பிறகு அப்பா மெல்லத் தொடங்கினார்.

“பெடியன் இப்பவும் நித்திரையில எழும்பி நடக்கிறவனோ?”

“ஓம். கதவுல மேல ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கேன். கப்பல்ல அவன்ட காலையும் என்ட காலையும் சேர்த்துக் கட்டிட்டுத்தான் படுப்பேன்.”

அப்பா என்னைக் காட்டி, இவளுக்குக் கடல்காற்று பட்டால் மூச்சு இழுப்பு வரும் என்றார். அங்கிள் சட்டைப் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். நான் கத்தரிக்காய் தின்னாதது, தம்பி பொய் சொன்னால் காதைச் சொறிவது எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறின. பயணப் பெட்டியைப் பற்றிக் கதைப்பதுபோல என்னைப் பற்றிக் கதைக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பன்னிரண்டு அடித்ததும் அதே ஒழுங்கையில் இருந்த சமாதான நீதவான் வீட்டுக்கு மூவரும் போனோம். அப்பா கையெழுத்துப் போட்டார், முத்திரை விழுந்தது. திரும்பி வந்து குசினியில் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் பூசினார். கல்யாணக் கடிதத்துக்கும் காணி உறுதிப் பத்திரத்துக்கும் பூசுவதுபோல. காணி உறுதி என்று நினைத்ததும் எனக்கு அழுகை வெடித்தது. எங்களை எழுதிக் கொடுத்துவிட்டீர்களா என்று விக்கி விக்கிக் கேட்டேன். அப்பா மஞ்சள் விரலோடு நின்றார்.

அங்கிள்தான் கடிதத்தை வாங்கி, பேனாவைத் திறந்து, அடியில் எழுதினார்: ‘மேற்படி பிள்ளைகள் இருவரையும் ஆறாம் நாள் தகப்பனாரிடம் நேரில் கொண்டுவந்து காட்டுவேன்.’ தேதியும் கையெழுத்தும் போட்டார். பிறகு எனக்கு முன்னால் குனிந்தார்.

“இது எழுதிக் குடுக்கிறது இல்ல மகள். நான் கப்பல்காரன். ஏத்தினா இறக்கித்தான் ஆகணும்.”

அலுவலகம் பூட்டுகிற நேரத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இருந்த அதிகாரி கடிதத்தை விரல் நுனியால் தூக்கிப் பார்த்து, இதென்ன, கறி ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறீர்கள், சுத்தமாக வேறொன்று கொண்டுவாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். மறுநாள் கப்பல். அப்போதுதான் கப்பலில் போக எனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்கே தெரிந்தது. ஞாயிறு பூசை தவறாத அங்கிள் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, இது கறி இல்லை மஹத்தயா, பிள்ளைகள் கடல் தாண்டுகிறார்கள் என்று தகப்பன் வைத்த ஆசீர்வாதம் என்று தன் கொச்சைச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். அதிகாரி தன் மணிக்கட்டில் பிக்குமார் ஓதிக் கட்டியிருந்த பிரித் நூலை ஒருதரம் பார்த்தார். பிறகு பயணப் பத்திரங்களில் முத்திரையைக் குத்தி, கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

கப்பலில் அம்மா ஆறு நாளும் வாந்தி எடுத்தார், தம்பி அங்கிளின் காலோடு கட்டப்பட்டு நிம்மதியாகத் தூங்கினான், எனக்கு ஒரே ஒரு தரம் இழுத்தது. திரும்பி வந்து இறங்கியதும் அங்கிள் டாக்சியை வீட்டுக்கு விடவில்லை. சூட்கேசுகளோடு நேரே கிருலப்பனைக்கு விட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு டாக்சிக்குள்ளேயே இருந்தார். அங்கிள் எங்கள் இருவரையும் வாசல் படலைக்கு முன்னால் நிறுத்தி, கடிதத்தை அப்பாவிடம் நீட்டினார்.

“வடிவா பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. குறை இருந்தா எழுதலாம்.”

அப்பா எங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். கொடுக்கப் போனவர், யோசித்து, இன்னொரு வரியும் எழுதினார்.

அப்பா இப்போது இல்லை. அங்கிளுக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் கல்யாணம் கட்டியவருக்கு முதல் தாரத்தில் ஒன்பது வயது மகன் இருக்கிறான். அடுத்த மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு கப்பலில் போகிறோம். அவனுடைய அம்மாவின் சம்மதக் கடிதம் வேண்டும். பிரிண்டரிலிருந்து அது வெளியே வந்த நேரம் தொடங்கி அவன் தோசையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரியாதா அந்தக் கிள்ளல். தொலைபேசியில் அங்கிள் கேட்டது ஒன்றுதான்: கையெழுத்துக்குக் கீழே எழுத இடம் விட்டாயா?

அதனால்தான் நேற்று உறையைத் திறந்து, அப்பாவின் கடைசி வரிகளை அவனிடம் காட்டினேன். ‘இருவரையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். மகன் சற்றுக் கறுத்துவிட்டான்.’ அதற்குக் கீழே: ‘இவர்களை என்னைப்போலவே பார்த்துக்கொள்ளும் இந்த மனிதரிடம் சந்தோஷமாகத் திரும்ப ஒப்படைக்கிறேன்.’

அவன் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தான். எழும்பிக் குசினிக்குப் போனான். தோசைக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். மஞ்சள்தூள் பேணியோடு வந்து நின்றான்.