உலக்கைக்குப் பெர்மிட் இல்லை

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சட்டம் என்றால் எனக்கு இன்றைக்கும் எங்கள் ஊர் அதிகாரியான விதானையாரின் குரல்தான். எண்பதுகளின் தொடக்கம் அது; ஆயுதம் தூக்கிய இளைஞர்களைத் தேடி ராணுவம் ட்ரக்குகளில் திரியத் தொடங்கிய காலம். நெடுங்கேணி வீதியோரம் இருந்த எங்கள் தோட்டத்தில் குரங்கு கலைக்கவென்று அப்பா காற்றழுத்தத்தில் சுடும் காற்றுத் துவக்கு ஒன்று வாங்கி, பெர்மிட்டும் எடுத்திருந்தார். அதைப் பார்க்க வந்த விதானையார், வாசலில் நின்ற என்னைக் கண்டுவிட்டுச் சொன்னார்:

“காத்துத் துவக்கெண்டாலும் துவக்குத் துவக்குத்தான். வயது வராத பிள்ளையள் தொட்டால் துவக்கும் போகும், கொப்பரும் போவார்.”

அன்றிலிருந்து துவக்குத் தொங்கிய சுவரோரம் படுக்கவே எனக்குப் பயம். நித்திரையில் கை தவறிப் பட்டுவிட்டால்? வீடு கூட்டும்போதும் அந்தப் பக்கம் விளக்குமாற்றின் நுனியை மட்டும்தான் நீட்டுவேன்.

கச்சான் கடலை பிடுங்கக் கொஞ்ச நாள் இருக்கையில், பெர்மிட்டைப் புதுப்பிக்க அப்பா வவுனியாவுக்குப் போனார். பஸ் புளியங்குளம் தாண்டியிருக்காது, குரங்குகள் வந்துவிட்டன. ஆண்களைக் கண்டால்தான் அவற்றுக்குப் பயம். பெண்களை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. அம்மா கல்லால் எறிந்தார். பெரிய கடுவன் குரங்கு ஒன்று கல் விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்தபடியே கச்சானை உடைத்துத் தின்றது. அந்த வருஷம் எங்களுக்கு விளைந்தது அந்தக் கச்சான் ஒன்றுதான். அம்மா வரம்பில் குந்திவிட்டார். என்னை ஓடிப்போய்த் துவக்கை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

ஓடினேன். சுவருக்கு முன்னால் நின்றேன். கை போகவில்லை. அப்பாவைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றுவது கண்ணுக்குள் வந்தது. கொடியில் அப்பாவின் சாரமும் சேட்டும் கிடந்தன. அவற்றை உடுத்துக்கொண்டு, தலையில் துவாயைச் சுற்றி, குசினிக்குள் கிடந்த உலக்கையைத் தோளில் வைத்து, அப்பாவைப்போலக் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தேன்.

அம்மாவே ஒரு கணம் ஏமாந்துபோனார். கடுவன் நிமிர்ந்து பார்த்தது. நான் உலக்கையை நீட்டிக் குறி பார்த்தேன். அவ்வளவுதான். வாயில் இருந்த கச்சானையும் துப்பிவிட்டு அது பாய, கூட்டம் முழுவதும் பின்னால் பாய்ந்தது. கடைசிக் குட்டிவரை கலைத்துக்கொண்டு போய், வீதிக்கரை வரம்பில் ஏறி நின்றேன். பயந்து பயந்தே வளர்ந்த எனக்கு ஒரு படையே பயந்து ஓடியது அதுதான் முதல் தரம். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்துக் காணி மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “தம்பி, நாளைக்கு எங்கடை தோட்டத்துக்கும் ஒருக்கா வாங்கோ” என்றார்.

பின்னேரம் அப்பா வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தவர் இடையில் கேட்டார்:

“அந்த நேரம் ரோட்டாலை ஆமி ட்ரக் ஏதும் போச்சுதோ?”

“ஓம் அப்பா, ஒண்டு போனது. என்னைக் கண்டிட்டு மெதுவாக்கினவங்கள். நான் இன்னும் நிமிர்ந்து நிண்டனான்.”

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். ஏசப்போகிறார் என்று பயந்து, துவக்கைத் தொடவே இல்லை, தொட்டது உலக்கையைத்தான், உலக்கைக்குப் பெர்மிட் இல்லைத்தானே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. என்னைக் கிட்ட இழுத்து, தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வென்று வந்தவளுக்கு அது வேண்டியதுதான் என்று நானும் தலையைக் குடுத்துக்கொண்டு நின்றேன்.