அஞ்சடிக்கு ஒரு நாற்காலி

இல்லத்தரசி வேலைக்குச் சம்பளம் கிடையாது; ஆனால் வாங்கிய சாமான் உடைந்தால் பழி முழுசாகக் கிடைக்கும். என்னைப் போல மாட்டிக்கொண்ட பெண்களே, கேளுங்கள்.

போன வருஷத் தீபாவளிக்கு, வந்த விருந்தாளிகள் முன்னால், வீட்டு வாசலில் கார் நிறுத்தும் அஞ்சடியில், பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிந்து என் வீட்டுக்காரர் விழுந்தார். முட்டியில் அறுவை சிகிச்சை முடிந்து அப்போதுதான் நடமாடத் தொடங்கியிருந்தார். அன்றைக்கு அறைக்குள் போனவர், வெளியே உட்காரவே மாட்டேன் என்றார். அடுத்த தீபாவளிக்கு அவரை அஞ்சடியில் உட்காரவைப்பது, யார் கையையும் பிடிக்காமல் எழவைப்பது என்று நான் முடிவு கட்டினேன். கான்வெண்டில் முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்லிக் கொடுத்தார்கள். எதில் உட்கார்வது என்று ஒரு சிஸ்டரும் சொல்லித் தரவில்லை.

பிரம்பு மாதிரி

ஈப்போவில் ஒரு கடை. பிரம்பு மாதிரிப் பின்னிய பிளாஸ்டிக் நாற்காலி. "வெயில், மழை எதுக்கும் அசையாது அக்கா" என்றார் விற்பவர். கவிழ்த்துப் பார்த்தேன், உள்ளே இரும்புக் குழாய், இப்போதே துரு. "அவ்வளவு உறுதி என்றால் வெளியே அடுக்காமல் ஏன் ஏர்கோன் அறையில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வெளிய வச்சா கலர் போயிரும் லா, அக்கா."

மெத்தை

அடுத்த கடைக்குச் சித்தியவானிலிருந்து வந்த நாத்தனாரும் கூட வந்தாள். தாழ்வான, ஆழமான மெத்தை இருக்கை. சுகமாகத்தான் இருந்தது. எழப் பார்த்தேன், முடியவில்லை. கைப்பிடியும் இல்லை. நல்ல முட்டிக்காரி எனக்கே இந்தக் கதி. நாத்தனார் இழுத்துத் தூக்கிவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே இதுலே படுத்துக்கிட்டே எல்லாரையும் வாங்கன்னு சொல்லிக்கலாம், அண்ணி."

ரப்பர் மரம்

மூன்றாவது கடையில் மர நாற்காலி. கெட்டி மரம் என்றார்கள். போனில் படம் எடுத்து வந்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் எஸ்டேட்டில் பிறந்தவர். வெட்டிப் போட்ட ரப்பர் மரம் மழையில் பூஞ்சை பிடித்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததுமே ரப்பர் மரம் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"எங்கப்பா பால் வெட்டுன மரத்துலேருந்து நான் வுழுகணுமா?"

பிளாஸ்டிக் உறை

கடைசியில் அலுமினியச் சட்டம், உயரமான இருக்கை, நீண்ட கைப்பிடி, கழற்றிக் காயவைக்கக்கூடிய மெல்லிய மெத்தை. இந்தத் தீபாவளிக் காலையில் அவரும் அஞ்சடிக்கு வந்துவிட்டார். ஆனால் கடைக்காரர் சுற்றிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விடவில்லை. நம் ஆட்களுக்குத்தான் தெரியுமே, புதுச் சாமானின் உறையை உரிப்பது பாவம். "வந்தவங்க போகட்டும், பெறகு பிரிக்கலாம்" என்றார். உட்கார்ந்தார், வழுக்கினார். கைப்பிடியும் வழுக்கியது. முகம் வெளுத்து, உள்ளே போகிறேன் என்றார்.

நான் உள்ளே ஓடினேன். கத்தரிக்கோலை எடுத்து வந்து கைப்பிடி, மெத்தை, கால் வரைக்கும் உறையைக் கிழித்தேன். மறுபடி உட்கார்ந்தார். வழுக்கவில்லை. அதற்குள் கேட்டில் முதல் விருந்தாளி. நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். அவர் கைப்பிடி இரண்டையும் அழுத்தி, தானாகவே எழுந்து நின்றார்.

"நவுரு, வந்தவங்கள நான் கூப்பிடணும்."

வெயிலையும் மழையையும் தாங்கும் நாற்காலி தேடினால் கிடைக்கும், பெண்களே. அன்றிலிருந்து அதைவிட்டு இறங்காமல் வாசலிலிருந்தே "கோப்பி" என்று கத்துகிறவரைத் தாங்குவதற்குத்தான் எந்தக் கடையிலும் ஒன்றும் விற்கவில்லை.